முனிரத்தினம் உட்கார்ந்த கதை

பௌத்திரம் என்ற சொல்லை ஒரு ஆண்பிள்ளை தானாக வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது மிகக் குறைவு. "அந்த இடத்துல ஒரு கட்டி" என்பார்கள். "சூடு புடிச்சிக்கிச்சு" என்பார்கள். "பின்னாடி கொஞ்சம் பேஜாரு" என்று சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்ப்பார்கள். ரொம்ப மரியாதைப்பட்ட கணக்குப்பிள்ளை ஒருவர் "கீழ்த்திசையில் தொந்தரவு" என்றார். நான் அப்போது வேலைக்குப் புதுசு. கிழக்கே என்ன, பழவேற்காட்டுக் கடல்தானே இருக்கிறது என்று கொஞ்ச நேரம் யோசித்தேன்.

இப்போது அதற்கு லேசர் வந்துவிட்டதாம். காலையில் வந்து சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாமாம். என்னிடம் வேலை பழகிய இரண்டு பிள்ளைகள் வந்து, "மேடம், உங்க காலத்துல எப்படிப் பண்ணீங்க, ஆஸ்பத்திரி மலருக்கு எழுதிக் குடுங்க" என்றார்கள். அவர்கள் எதிர்பார்த்தது ஏதாவது பிரசவக் கதையாக இருக்கும். நான் ஆபரேஷன் தியேட்டரிலும் ஆண்கள் வார்டிலும் இருந்தவள். எனக்குத் தெரிந்ததைத்தானே எழுத முடியும். முகம் சுளிக்கிறவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போகலாம்.

ஆரணிப் பக்கத்தில் கூலி வேலை செய்த குடும்பம் எங்களுடையது. மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் அப்பாவைப் பிடித்து, "எஸ்தரை நர்ஸுக்குப் படிக்க வையுங்க" என்று சொல்லிச் சொல்லியே சம்மதிக்க வைத்தார். அறுபதுகளின் நடுவில் சென்னையில் பயிற்சி. அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. படுக்கை விரித்தேன், பெட்பேன் கழுவினேன், திட்டு வாங்கினேன், பாஸ் செய்தேன். பிறகு ரயில் பாதையை ஒட்டிய ஒரு ஊரில் அரசு ஆஸ்பத்திரியில் போட்டார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம், இன்னும் பல பேர் உயிரோடு இருக்கிறார்கள். அப்பா போன பிறகு அம்மாவும் தம்பி டேவிட்டும் நானும் கும்மிடிப்பூண்டியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். தினமும் ரயிலில் போய் வருவேன்.

அங்கேதான் டாக்டர் நரசிம்மன் இருந்தார். நாங்கள் சீஃப் என்போம். ஒல்லியான உயரமான மனிதர். சென்னையிலிருந்து தினமும் ரயிலில் டிபன் கேரியரோடு வருவார். யாரையும் நீ என்று அவர் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. இந்த நோயோடு யார் வந்தாலும் முதலில் என்ன வேலை என்று கேட்பார். அப்புறம் சாப்பாடு, தூக்கம், பிள்ளைகள். மழை பெய்ததா, நெல் என்ன ஆச்சு. நோயாளி தான் எதற்கு வந்தோம் என்பதையே மறந்து பேசிக்கொண்டிருக்கும்போது, "சரி, அங்க எத்தனை மாசமா இருக்கு?" என்று நடுவில் நுழைப்பார். வந்தவரும் பேச்சு வேகத்தில் உண்மையைச் சொல்லிவிடுவார்.

ஒரு தடவை கம்பவுண்டர் ஒருவர் வராந்தாவில் நோயாளி காதுபட, "இன்னைக்குப் பின்வாசல் கேஸு ரெண்டு" என்று சிரித்தார். சீஃப் அவரை உள்ளே கூப்பிட்டார். "ஒரு நிமிஷம் அந்த மேஜையில மல்லாந்து படுங்களேன்." படுத்தார். "காலை ரெண்டையும் தூக்கி அந்த வார்ல மாட்டிக்குங்க." மாட்டிக்கொண்டார். பேண்டெல்லாம் போட்டபடிதான். சீஃப் விளக்கைத் திருப்பி அவர் மேல் விழும்படி வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். நிதானமாகச் சோப்புப் போட்டுக் கழுவினார். நாங்கள் எல்லாரும் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். திரும்பி வந்து, "சரி, எழுந்துக்குங்க. எப்படி இருக்கும்னு தெரிஞ்சா போதும்" என்றார். அதற்குப் பிறகு எங்கள் ஆஸ்பத்திரியில் அந்த நோயைப் பற்றி யாரும் சிரித்ததில்லை. சிரிப்பு வந்தால் ரயில் ஏறிய பிறகு சிரிப்போம்.

இது என்ன நோய் என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆசனவாயின் உள்பக்கத்தில் சின்னச் சின்னச் சுரப்பிகள் உண்டு. அதில் ஒன்றில் சீழ் பிடித்து, வெளியே வர வழி தேடி, பக்கத்துத் தோலில் கட்டியாக வந்து உடையும். உடைந்ததும் வலி போய்விடும். ஆறிவிட்டது என்று மனிதர் சந்தோஷப்படுவார். ஆனால் உள்ளுக்கும் வெளியிலுமாக ஒரு சுரங்கம் நின்றுவிடும். அதுதான் பௌத்திரம். கொஞ்ச நாளைக்கு ஒருமுறை வெளி வாய் மூடும், உள்ளே வீங்கும், உட்கார விடாது, மறுபடி உடைந்து வேட்டியை நனைக்கும். களிம்பால் போகாது. ரயில்வே ஸ்டேஷன் சுவரெல்லாம் 'ஆபரேஷன் இல்லாமல் குணம்' என்று எழுதியிருப்பார்களே, அதாலும் போகாது. அங்கெல்லாம் போய்ப் பொசுக்கிக்கொண்டு வந்தவர்களைத்தான் நாங்கள் அதிகம் பார்த்தோம்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போன பிறகு சீஃப் வேலையைத் தொடங்குவார். வெளி வாய் தெரியும். உள் வாய் எங்கே என்பதுதான் கேள்வி. ஆசனவாய்க்குள் ஒரு வெள்ளைத் துணியை வைத்துவிட்டு, வெளி வாய் வழியாக நீல மருந்தை மெதுவாக ஏற்றுவார். துணியை எடுத்துப் பார்த்தால் எந்த இடத்தில் நீலம் பட்டிருக்கிறதோ அங்கே உள் வாய். பிறகு மெல்லிய வெள்ளிக் கம்பி. நுனி உருண்டையாக இருக்கும், வளைத்தால் வளையும். அதை வெளி வாயில் வைத்து, பிடித்தும் பிடிக்காமலும் விரலில் ஏந்திக்கொண்டிருப்பார். தள்ளமாட்டார். புதிதாக வந்த டாக்டர்கள் தள்ளுவார்கள். அப்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் உயரும்.

"வழி கேட்டுப் போங்க தம்பி. நீங்களா வழி போடாதீங்க."

கம்பி தானாகப் போய் உள் வாயில் எட்டிப் பார்த்ததும், அதன் மேலேயே கத்தியை ஓட்டிச் சுரங்கத்தின் கூரையைத் திறந்துவிடுவார். சுரங்கம் வாய்க்காலாகிவிடும். அடியைச் சுரண்டி, சுரண்டியதை ஒரு பாட்டிலில் போட்டு, காச நோய் இருக்கிறதா என்று பார்க்கச் சென்னைக்கு அனுப்புவோம். தையல் கிடையாது. திறந்த புண் அடியிலிருந்து ஆறி மேலே வரவேண்டும். மேல் தோல் முந்திக்கொண்டு மூடிவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அது மூடாமல் பார்த்துக்கொள்வது டாக்டர் வேலையில்லை, எங்கள் வேலை. தினமும் பெர்மாங்கனேட் போட்ட வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைக்க வேண்டும். தண்ணீர் ரோஜாப்பூ நிறத்தில் இருக்கவேண்டும், கத்திரிப்பூ நிறத்துக்குப் போனால் தோல் வெந்துவிடும். பிறகு புண்ணின் அடிவரை துணி வைத்துக் கட்டவேண்டும். அந்த நேரத்தில் எவ்வளவு பெரிய மனிதரும் என்னை "அம்மா" என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். என்னைவிட இரண்டு மடங்கு வயதானவர்கள்கூட.

இனி முனிரத்தினம்.

எழுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டியில் புதிது புதிதாக ஷெட்டுகள் எழும்பிக்கொண்டிருந்தன. ஒரு இரும்பு உருட்டாலையில் டேவிட்டுக்கு வேலை கிடைத்தது. பழுக்கக் காய்ச்சின இரும்பு பாம்பு மாதிரி நெளிந்து வரும், அதைக் கொக்கியால் பிடித்து அடுத்த உருளைக்குள் கொடுக்கவேண்டும். வீட்டுக்கு வரும்போது முகம் அவித்த மாதிரி இருக்கும். அந்த ஆலையில் குடிக்கத் தண்ணீர் ஒரே ஒரு பானை. கக்கூஸ் காம்பவுண்டின் கடைசி மூலையில், அதுவும் போகவேண்டுமென்றால் சூப்பர்வைசர் டோக்கன் கொடுக்கவேண்டும். அந்த வெட்கத்துக்கு ஷிப்ட் முடியும் வரை அடக்கிக்கொள்கிறவர்கள்தான் அதிகம். அடக்குவதற்கு வசதியாக, தண்ணீரும் குடிக்கமாட்டார்கள்.

தண்ணீர், கக்கூஸ், காலுக்கு பூட்ஸ் என்று கேட்டு ஒரு சங்கம் கட்டினார்கள். அதன் தலைவர்தான் முனிரத்தினம். டேவிட்டுக்கு அவர் மேல் பைத்தியம். ராத்திரிச் சாப்பாட்டில் தினமும் அவர் பேச்சுத்தான்.

"மானேஜர் ரூம்ல நாற்காலி போட்டு உட்காருங்கன்னான்க்கா. எங்க ஆளு 'இருக்கட்டும்'னு ஒரே வார்த்தை. அத்தனை நேரமும் நின்னுக்கினே பேசினாரு. அவனுங்களுக்கு வேர்த்துப் போச்சு."

"ஏன், உட்கார்ந்தா என்ன?" என்று அம்மா கேட்டார்.

"அவன் போட்ட நாற்காலில உட்கார்ந்தா அவன் சொல்றதுக்குத் தலையாட்டணும். அதெல்லாம் ஒனக்குப் புரியாதும்மா."

இந்தக் கதை தொழிற்பேட்டை முழுக்கப் பரவியது. பக்கத்து ஆலைக்காரர்கள்கூட அவரைக் காட்டி, "உட்காராத தலைவர்" என்றார்கள். டீக்கடையில் பெஞ்சு காலியாக இருந்தாலும் இளவட்டங்கள் நின்றுகொண்டே டீ குடித்தார்கள். அவர் பஸ்ஸிலும் உட்காரமாட்டார், கல்யாண வீட்டுப் பந்தியிலும் உட்காரமாட்டார், பரிமாறப் போய்விடுவார் என்று டேவிட் சொன்னபோதே எனக்கு லேசாக ஏதோ தட்டியது. நர்ஸுக்கு வேறு எப்படித் தோன்றும்.

ஒரு நாள் காலையில் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு கட்டுமஸ்தான ஒருவர் மனைவியோடு வெளிநோயாளிப் பிரிவுக்கு வந்தார். வேலை என்ன என்று சீஃப் கேட்டார். கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலை. பேர்? ஒரு கணம் தயங்கிவிட்டு, "முனிரத்தினம்" என்றார். நான் குனிந்து ஊசியைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டேன்.

சீஃப் நெல்லில் தொடங்கி மழைக்குப் போய், அங்கே வருவதற்குள் அவருடைய மனைவி கன்னியம்மா பொறுமை இழந்துவிட்டார். சூலூர்ப்பேட்டைப் பக்கத்துப் பெண், பேச்சில் தெலுங்கு கலந்திருக்கும். "நைனா, மழை கெடக்குது. இவரு உட்கார்ந்து ரெண்டு வருஷம் ஆவுது. குப்புறப் படுத்துக்கினு தூங்குறாரு. சைதாப்பேட்டைல ஒருத்தன் பொசுக்கி உட்டான், இன்னும் மோசமாப் போச்சு. ஊட்டுல தொவைக்கிறது நானு, எனக்குத் தெரியாதா?"

முனிரத்தினம் சுவரைப் பார்த்தார்.

மரத்துப்போகும் ஊசி போடுவதற்கு முன்னாலேயே சீஃப் விரலால் பார்த்துவிடுவார். "இறுக்குங்க. விடுங்க. மறுபடி இறுக்குங்க." ஆசனவாயைச் சுற்றி வளையம் மாதிரி ஒரு சுருக்குத் தசை இருக்கிறது. மனிதன் கௌரவமாக நடமாடுவது அதனால்தான். சுரங்கம் அந்த வளையத்தின் அடி விளிம்பில் போனால் தைரியமாக வெட்டலாம். மேலே ஏறிப் போனால், வெட்டும்போது வளையமும் போய்விடும். நோய் குணமாகும், ஆனால் மலம் நிற்காது. முனிரத்தினத்துக்கு மேலே ஏறியிருந்தது.

சீஃப் அதை மறைக்காமல் சொன்னார். ஒரே வெட்டில் முடிக்க முடியாது, கீழ்ப் பகுதியை மட்டும் திறந்துவிட்டு, தசையைச் சுற்றி ஒரு பட்டு நூலைக் கோத்துக் கட்டிவிடுவேன், சில வாரங்களுக்கு ஒருமுறை இறுக்குவேன், நூல் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டு வரும், அறுந்த இடம் பின்னாலேயே ஆறிக்கொண்டு வரும் என்றார்.

முனிரத்தினம் முதல் தடவையாகச் சீஃப் முகத்தைப் பார்த்தார். "மாஞ்சா போட்ட நூலா சார்?"

"மாஞ்சா போட்டா ஒரே நாள்ல அறுத்துடும். நான் டீல் உடுற மாதிரி மெதுவா அறுக்கணும்."

கண்ணாடித் தூள் பூசிய மாஞ்சா, நூலை மெல்ல விட்டுக்கொடுக்கும் டீல் என்று சீஃபுக்குப் பட்டம் விடும் பாஷை தெரியும் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஒரே ஒரு நிபந்தனை வைத்தார் முனிரத்தினம். யாருக்கும் தெரியக் கூடாது. மாமனார் வீட்டில் நிலத் தகராறு, சூலூர்ப்பேட்டைக்குப் போகிறேன் என்று சங்கத்தில் சொல்லிவிட்டு வந்திருந்தார். பேச்சுவார்த்தையைத் தள்ளிவைத்திருந்தார்கள். சீஃப் என் பக்கம் திரும்பி, "சிஸ்டர், நீங்களும் அந்த ஊர்தானே?" என்றார். "ஆமாம் சார்" என்றேன். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, தேவையும் இல்லை.

ஆபரேஷன் அன்றைக்கு வெள்ளிக் கம்பி வெகுநேரம் தயங்கியது. பொசுக்கின தழும்பில் முட்டி முட்டி நின்றது. சீஃப் அவசரப்படவில்லை. கம்பியை எடுத்து வேறு வளைவு வளைத்து மறுபடி வைத்தார். பக்கத்தில் நின்ற இளம் டாக்டருக்குக் கை துறுதுறுத்தது. முனிரத்தினம் முழு நினைவோடு மேலே விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "சார், வேலை நடக்குதா, ஸ்டிரைக்கா?" என்றார். "பேச்சுவார்த்தை நடக்குது" என்றார் சீஃப். அந்தச் சமயத்தில் கம்பிக்கு வழி கிடைத்து உள்ளே போனது. அதன் நுனியில் ஊசிக்காது போல இருந்த துளையில் நூலைக் கோத்து இழுத்து, தசையைச் சுற்றி முடிச்சுப் போட்டார்.

மறுநாள் கட்டு மாற்றப் போனேன். முனிரத்தினம் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"ஆம்பள யாரும் இல்லியா சிஸ்டர்?"

"இருக்காரு. கோபால்னு ஒருத்தர். உங்க மில்லு கேட்டுக்கு எதிர்லதான் குடியிருக்காரு. கூப்பிடட்டுமா?"

போர்வையை விட்டார். "வேணாம். நீங்களே பண்ணுங்க."

ரோஜாப்பூத் தண்ணீரில் உட்காரவைத்தபோது அவர் கண்ணில் நீர் வந்தது. வலியா என்றேன். இல்லை, தண்ணீராக இருந்தாலும் உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று என்றார். அப்போதுதான் ஆலையைப் பற்றி நிறையப் பேசினார். அடுப்பு வெக்கை, டோக்கன், அடக்கிக்கொள்வது. "அதனாலதான் எனக்கு வந்ததா சார்?" என்று சீஃபிடம் கேட்டார். சீஃப் பொய் சொல்லமாட்டார். "அதனாலதான்னு என்னால எழுதிக் குடுக்க முடியாது. சும்மா இருக்கிறவங்களுக்கும் வருது. ஆனா தண்ணி இல்லாம, அடக்கிக்கினு, வேர்வையில நனைஞ்சு நின்னா இருக்கிறது மோசமாகும். அது நிச்சயம்." அவர் 'அடக்கிக்கினு' என்றதைக் கேட்டு கன்னியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சென்னையிலிருந்து காச நோய் இல்லை என்று பதில் வந்தது. வாரங்கள் போயின. நூல் இறுக்கும் நாட்களில் அவர் என்னோடு பேசமாட்டார். ஒரு நாள் நூல் தானாகக் கழன்று துணியோடு வந்தது. புண் அடியிலிருந்து ஆறியிருந்தது. சீஃப் விரலால் பார்த்தார். "இறுக்குங்க." இறுக்கினார். சீஃப் முகம் மலர்ந்தது. "கொஞ்சம் ரிலாக்ஸ் பண்ணுங்க முனிரத்தினம், என் விரலை நான் வீட்டுக்கு எடுத்துக்கினு போகணும்."

பிறகு தன் மர ஸ்டூலைக் காட்டி, "உட்காருங்க" என்றார். முனிரத்தினம் முதலில் ஒரு பக்கமாக, பிறகு இன்னொரு பக்கமாக, பிறகு முழுசாக உட்கார்ந்தார். கையைத் தொடையில் வைத்துக்கொண்டார். சுற்றிப் பார்த்தார். அடுத்த நோயாளி வந்து நின்றார். இவர் எழுந்திருக்கவில்லை. சீஃப் நின்றுகொண்டே அடுத்தவரைப் பார்த்து அனுப்பினார்.

இத்தோடு முடிந்திருந்தால் இது ஒரு நல்ல கேஸ், அவ்வளவுதான்.

அடுத்த பேச்சுவார்த்தை முடிந்த அன்றைக்கு டேவிட் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி வீசினான்.

"உட்கார்ந்துட்டாருக்கா."

"யாரு?"

"எங்க தலைவரு. ரெண்டு மாசத்துக்கு மேல ஆளையே காணோம். மாமனார் ஊடாம். வந்ததும் மானேஜர் நாற்காலிய இழுத்துப் போட்டான். பொசுக்குனு உட்கார்ந்துட்டாரு. சாஞ்சிக்கினு வேற. டீ குடுத்தான், குடிச்சாரு. ஜன்னல் வழியா நாங்க எல்லாரும் பார்த்தோம். டப்பு கை மாறிடுச்சுக்கா."

"உட்கார்ந்தா டப்பு வாங்கினாருன்னு அர்த்தமா?" என்று கேட்டேன்.

"பின்ன? ரெண்டு வருஷமா உட்காராதவரு இன்னிக்கு ஏன் உட்கார்ந்தாரு, நீயே சொல்லு."

நான் சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம். குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டேன். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. சனிக்கிழமை ஷிப்ட் மாறும்போது கேட் கூட்டம், அதில் அவரை இறக்கிவிடுவது என்று பேசி முடித்திருந்தார்கள். முதலில் எழுந்து கேட்கப் போகிறவனே டேவிட்தான். அவர் இறங்கினால் தண்ணீரும் இல்லை, கக்கூஸும் இல்லை, சங்கம் இரண்டாக உடையும் என்பது எனக்கே தெரிந்தது. அவனுக்குத் தெரியவில்லை.

மறுநாள் சீஃபிடம் சொன்னேன். அவர் கேரியர் மூடியைத் திறந்து மூடினார்.

"நோய் அவருடையது சிஸ்டர். சொல்றதா வேண்டாமாங்கிறதும் அவருடையது. ஆனா ஊர்ல என்ன பேசிக்கிறாங்கன்னு அவருக்குச் சொல்லலாம். அது ரகசியமில்லே."

நல்ல வேளையாக வெள்ளிக்கிழமை முனிரத்தினம் புண்ணைக் காட்ட வரவேண்டிய நாள். கன்னியம்மாவும் வந்திருந்தார். சொன்னேன்.

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"டேவிட் என் தம்பி."

"கொக்கி புடிக்கிற டேவிட்டா?" அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். இத்தனை நாளும் நான் வீட்டில் வாய் திறக்கவில்லை என்பது அவருக்குப் புரிந்திருக்கவேண்டும். "நல்ல பையன் சிஸ்டர் அவன். அவன் இடத்துல நான் இருந்தாலும் அதான் கேட்பேன்." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "பதவிய விட்டுடுறேன். ஆயிரம் பேர் முன்னாடி இதைப் போய் எப்படிச் சொல்றது" என்றார்.

கன்னியம்மா மடியிலிருந்த பையைக் கீழே வைத்தார். "டப்பு வாங்கினவன் புள்ளன்னு நம்ம பையனைச் சொல்லுவாங்கோ. அது சாவுற வரைக்கும் போவாது. சீக்கு வந்தவன்னு சொன்னா ஒரு வாரம் சிரிப்பாங்கோ. இன்னா இப்போ? நீ சொல்லலன்னா நான் வந்து சொல்றேன்."

"நீ வராதே" என்றார் அவர், நிஜமாகவே பயந்து.

சனிக்கிழமை எனக்கு ஓய்வு. ஆலை எதிரே உள்ள டீக்கடைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். காய்கறி வாங்க வந்த மாதிரி கையில் பை வைத்திருந்தேன். அந்தக் கடையில் காய்கறி கிடையாது.

முனிரத்தினம் ஒரு டிரம்மின் மேல் ஏறி நின்றார். டேவிட் கூட்டத்திலிருந்து கையைத் தூக்கினான். "தலைவரே, ஒரே ஒரு கேள்வி. ஏன் உட்கார்ந்தீங்க?"

முனிரத்தினம் டிரம்மின் மேலிருந்து அவனைத் தேடிப் பார்த்தார்.

"நல்லா கேட்ட டேவிட்டு. ஆனா கேள்விய மாத்திக் கேட்டுட்ட. ரெண்டு வருஷமா ஏன் நின்னேன்னு கேளு." துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்குப் பவுத்திரம். சீழ் வரும். உட்கார முடியாது. அதான் நின்னேன். வீரம் கீரம் ஒண்ணும் இல்ல. நீங்களா வீரம்னு சொன்னீங்கோ, கேக்க நல்லா இருந்தது, நானும் கம்முனு இருந்துட்டேன். மாமனார் ஊட்டுக்கும் போவல. ஆஸ்பத்திரியில காலைத் தூக்கிக்கினு படுத்திருந்தேன். இப்ப சரியாப் போச்சு. உட்கார்ந்தேன். நாற்காலின்னா எவ்ளோ சுகம்னு ஒங்களுக்குத் தெரியாது, டெய்லி உட்கார்றவங்களுக்கு."

எங்கேயோ ஒருவன் சிரித்தான். அப்புறம் இன்னும் சில பேர்.

"சிரிங்க. என் பொஞ்சாதி ஒரு வாரம் டைம் குடுத்திருக்கா, சிரிச்சு முடிச்சுடுங்க. இங்க வேற யாருக்கு இருக்குதுன்னு நான் கேக்கப் போறதில்ல. கேட்டா ஒருத்தனும் கை தூக்கமாட்டான், நானும் தூக்கி இருக்கமாட்டேன். ஆனா இந்த வெக்கைல தண்ணி குடிக்காம, டோக்கன் கேக்க வெக்கப்பட்டுக்கினு, அடக்கிக்கினு நிக்கிறானே, அவன் ஒடம்பு இன்னா ஆவும்னு டாக்டர் சொன்னாரு. அதைத்தான் மானேஜர்கிட்ட சொல்லப் போறேன், வெக்கப்படாம, பேரு சொல்லி. இனிமே உட்கார்ந்துதான் பேசுவேன். நின்னுக்கினு பேசினப்ப எனக்குத்தான் கால் வலிச்சு சீக்கிரம் கெளம்பினேன். உட்கார்ந்தா எவ்ளோ நேரம் வேணா பேசலாம்."

இந்தத் தடவை வந்த சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. கைதட்டலும் வந்தது. டேவிட் மட்டும் கைதட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றான். நிமிர்ந்தபோது சாலைக்கு இந்தப் பக்கம் காலிப் பையோடு நிற்கிற என்னைப் பார்த்தான்.

வீட்டில், "அக்கா, எந்த ஆஸ்பத்திரி?" என்றான்.

"எனக்கு என்ன தெரியும்?"

"தெரியாதா?"

"சோறு ஆறுது. சாப்பிடு."

அடுத்த பேச்சுவார்த்தையில் முனிரத்தினம் காலையில் உட்கார்ந்தவர் சாயங்காலம்தான் எழுந்தாராம். நோயின் விவரங்களை ஒன்றுவிடாமல் எடுத்துச் சொல்ல, மானேஜர் மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை என்று பிறகு கன்னியம்மா சொன்னார். டோக்கன் போனது. ஷெட்டுக்குப் பக்கத்திலேயே குழாயும் கக்கூஸும் வந்தன. பூட்ஸுக்கு இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது.

எங்கள் வெளிநோயாளிப் பிரிவில் நடந்தது அதைவிட வேடிக்கை. அந்த வாரத்திலிருந்து கும்மிடிப்பூண்டி ரயிலில் வரிசையாக ஆண்கள் வந்து இறங்கினார்கள். ஆலைக்காரர்கள், லாரிக்காரர்கள், ஒரு பள்ளிக்கூட வாத்தியார். எல்லாருக்கும் ஒரு நண்பர் இருந்தார். "எனக்கில்ல சார், தெரிஞ்சவர் ஒருத்தருக்கு." சீஃப் தலையாட்டுவார். "அந்தத் தெரிஞ்சவருக்கு பதிலா நீங்க படுங்க, பார்த்துடலாம்." படுத்துவிடுவார்கள்.

அந்த வரிசையில் ஒரு நாள் டேவிட் நின்றிருந்தான். எனக்குத்தான் ஏதோ கொண்டுவந்திருக்கிறான் என்று நினைத்தேன். கையில் ஒன்றும் இல்லை. அத்தனை பேரைப் பார்த்த எனக்கு, ஒரே கூரையின் கீழே இருந்தவனைத் தெரியவில்லை. அவன் முறை வந்தது.

"யாருக்கு?" என்றார் சீஃப்.

"எனக்குத்தான் சார்" என்றான் டேவிட்.

சீஃப் பேனாவைக் கீழே வைத்தார். அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "சிஸ்டர், நீங்க கொஞ்சம் வெளியே இருங்க. கோபாலை வரச்சொல்லுங்க."

வராந்தாவில் போய் நின்றேன். உள்ளே நெல், மழை எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து டேவிட் வெளியே வந்து என் பக்கத்தில் சுவரில் சாய்ந்தான். அவனுக்குச் சின்னச் சுரங்கம்தானாம், அடி விளிம்பிலேயே, நூல் தேவையில்லையாம். அதைக் காதில் சொல்லவில்லை, சாதாரணக் குரலிலேயே சொன்னான். பிறகுதான் குரலைத் தாழ்த்தினான்.

"வலிக்குமாக்கா?"

அந்தக் கேள்விக்கு எத்தனையோ பேரிடம் வலிக்காது என்று சொல்லியிருக்கிறேன். அது எங்கள் தொழில். தம்பியிடம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

"வலிக்கும்டா" என்றேன். "முதல் ரெண்டு கட்டு நல்லாவே வலிக்கும்."

அவன் தலையாட்டினான். "சரி" என்றான். இருவரும் ரயிலுக்கு நடந்தோம்.